ஃபிளெமிங்கின் ஆய்வக அறிக்கை: பென்சிலின் நோயாளியிடம் போய்ச் சேர 12 ஆண்டு ஏன் ஆனது?

மருத்துவமனையில் தாத்தா படுத்திருக்கிறார். காய்ச்சல் குறையவில்லை. டாக்டர் வருகிறார், கணினித் திரையைப் பார்க்கிறார். 'கல்ச்சர்' முடிவு வரட்டும், அப்புறம் மருந்தை மாற்றலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறார்.

இரண்டு மூன்று நாளில் ஆய்வகத்திலிருந்து அறிக்கை வருகிறது. மேலே ஒரு கிருமியின் பெயர். கீழே ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து: எஸ், ஐ, அல்லது ஆர். எஸ் என்றால் அந்தக் கிருமியிடம் மருந்து எடுபடும். ஆர் என்றால் எடுபடாது. ஐ கொஞ்சம் குழப்பமானது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

தாத்தாவை ஆய்வகத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அவருக்கு எந்த மருந்து ஏறப்போகிறது என்பதை அந்த ஒரு பக்கம் பெருமளவு முடிவுசெய்கிறது. எந்த மருந்தின் பெயர் பட்டியலில் இருக்கிறது, எது இல்லை, ஓரத்தில் என்ன குறிப்பு எழுதியிருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வரும்.

இந்தக் கதையின் தொடக்கத்தில் நிற்பவர் நம் எல்லாருக்கும் தெரிந்தவர்தான், அலெக்சாண்டர் ஃபிளெமிங். பள்ளிப் புத்தகத்தில் அவரைப் பற்றி இரண்டே வரி இருக்கும்: விடுமுறைக்குப் போனார், திரும்பி வந்தபோது தட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தது, பென்சிலின் கிடைத்தது. அவர் வாழ்நாள் முழுக்க ஓர் ஆய்வகக்காரர் என்பதை அந்த இரண்டு வரி சொல்வதில்லை. கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். கண்டதை ஊருக்குச் சொல்வதில் அப்படி இல்லை.

துப்பாக்கி சுடத் தெரிந்ததால் கிடைத்த வேலை

ஃபிளெமிங் 1881 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஸ்காட்லந்தில், டார்வெல் எனும் சிற்றூருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணையில் பிறந்தார். 7 வயதில் அப்பா இறந்துவிட்டார். பதின்ம வயதில் லண்டனில் இருந்த அண்ணனிடம் போய்ச் சேர்ந்தார். படிப்பைத் தொடரப் பணம் இல்லை. கப்பல் நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டு குமாஸ்தா வேலை பார்த்தார்.

20 வயதில் மாமா ஒருவரின் சொத்திலிருந்து கொஞ்சம் பணம் வந்தது. அதை வைத்து செயின்ட் மேரிஸ் மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1906இல் படிப்பு முடிந்ததும் அறுவை மருத்துவராகப் போயிருக்கலாம். ஆனால் அவர் குறி தவறாமல் சுடுபவர். அவரை இழக்க மருத்துவமனைத் துப்பாக்கிக் குழுவுக்கு மனசில்லை. அதே இடத்தில் இருக்க ஒரு வேலை பார்த்துக் கொடுத்தார்கள். அல்ம்ரோத் ரைட் என்பவரின் தடுப்பூசி ஆய்வகம் அது. கிட்டத்தட்ட 50 ஆண்டு, சாகும்வரை, ஃபிளெமிங் அந்த இடத்தோடுதான் இருந்தார்.

முதல் உலகப்போர் வந்தபோது ரைட் தம் குழுவோடு பிரான்ஸின் பூலோன் நகருக்குப் போனார். அடிபட்ட சிப்பாய்களின் காயத்தில் கிருமிநாசினியை ஊற்றிக் கழுவுவதுதான் அப்போதைய வழக்கம். ஃபிளெமிங் ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அதில் கூரிய நீட்டல்களை இழுத்து, குண்டு துளைத்த காயத்தின் சந்துபொந்துகளைப் போலவே ஒரு போலிக் காயம் செய்தார். கிருமிநாசினியை ஊற்றினார். மூலைமுடுக்கில் ஒளிந்திருந்த கிருமிகளை அது தொடவே இல்லை. கிருமியை எதிர்த்துப் போராடும் உடம்பின் வெள்ளை அணுக்களைத்தான் அது முதலில் கொன்றது.

தெளிவான முடிவுதான். எழுதியும் வெளியிட்டார்கள். ஆனாலும் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. ஆய்வகம் ஒன்று சொல்ல, மருத்துவமனை வேறொன்று செய்வதை ஃபிளெமிங் கண்ணெதிரே பார்த்தார்.

1921இல் இன்னொன்று நடந்தது. சளி பிடித்திருந்த ஃபிளெமிங், தம் மூக்குச் சளியைக் கிருமித் தட்டில் விட்டுப் பார்த்தார். ஆமாம், அவர் அப்படிப்பட்ட ஆள். சளியைச் சுற்றி இருந்த கிருமிகள் கரைந்தன. கண்ணீரிலும் எச்சிலிலும்கூட இருக்கும் லைசோசைம் எனும் பொருளை அப்படித்தான் கண்டார். அதைப் பற்றி லண்டன் மருத்துவ ஆய்வாளர் கூட்டம் ஒன்றில் பேசினார். முணுமுணுவென்று பேசுவது அவர் பழக்கம். பேசி முடித்தபோது ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை.

தட்டில் ஒரு வாய்க்கால்

1928 செப்டம்பர் மாதத் தொடக்கம். விடுமுறை முடிந்து ஃபிளெமிங் ஆய்வகத்துக்குத் திரும்பினார். மேசை முழுக்கப் பழைய தட்டுகள். ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதைச் சுற்றி ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகள் மறைந்துபோயிருந்தன. இந்தக் காட்சி நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம், அதைப் பலரும் சொல்வதில்லை.

தட்டில் இருக்கும் ஜெல்லி எதனால் ஆனது தெரியுமா? அகர். நம்மூர் வீடுகளில் பெருநாளுக்குச் செய்யும் அகர்-அகர் ஜெல்லியேதான், பெயர்கூட மலாய்மொழியிலிருந்து போனது. ஃபிளெமிங் அந்த ஜெல்லியில் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டினார். பூஞ்சணச் சாற்றை அகரில் கலந்து அதை நிரப்பினார். வெவ்வேறு கிருமிகளை எடுத்து, வாய்க்காலிலிருந்து தட்டின் விளிம்புவரை கோடு கோடாக இழுத்துவிட்டார். மறுநாள் பார்த்தால் சில கோடுகள் வாய்க்காலை நெருங்க முடியாமல் தூரத்திலேயே நின்றுவிட்டன. சில எதுவுமே நடக்காததுபோல் வாய்க்கால் ஓரம்வரை வளர்ந்திருந்தன.

எந்தக் கிருமியிடம் இந்தப் பொருள் எடுபடும், எதனிடம் எடுபடாது என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. ஸ்டாஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், நிமோனியா கிருமி, தொண்டை அடைப்பான் கிருமி ஆகியவை ஒரு பக்கம். டைஃபாய்டு வகைக் கிருமிகளும் இன்ஃபுளுயன்சா எனப் பெயர் வைத்திருந்த பாக்டீரியாவும் இன்னொரு பக்கம். இன்று தாத்தாவின் அறிக்கையில் இருக்கும் எஸ், ஆர் எழுத்துகளுக்கு இதை முன்னோடி என்று சொல்லலாம். வாய்க்கால் போய்ப் பின்னாளில் மருந்து தோய்த்த சின்னக் காகித வட்டுகள் வந்தன. வட்டைச் சுற்றிக் கிருமி வளராத இடத்தின் அகலத்தை அளந்து பார்க்கும் முறை 1966இல் ஒழுங்குபடுத்தப்பட்டது. இன்றும் பல ஆய்வகங்களில் அது நடக்கிறது.

தலைப்பில் இல்லாத மருந்து

1929இல் ஃபிளெமிங் தம் கட்டுரையை ஒரு நோயியல் ஆய்விதழில் வெளியிட்டார். அதன் தலைப்பு எதைப் பற்றியது? பூஞ்சணத்தின் கிருமி எதிர்ப்பு ஆற்றல், குறிப்பாக இன்ஃபுளுயன்சா பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுக்க அது எப்படி உதவும் என்பதைப் பற்றியது.

புரிகிறதா? பென்சிலின் அந்தக் கிருமியைக் கொல்லாது, அதன்கூட இருக்கும் மற்றவற்றைக் கொன்றுவிடும். தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் பென்சிலினைச் சேர்த்தால் வேண்டிய கிருமி மட்டும் சுத்தமாகக் கிடைக்கும். தடுப்பூசி செய்கிற ஆய்வகத்துக்கு அது நல்ல வசதி. உலகின் மிகப் பெரிய மருந்து, ஆய்வகத்தில் களை எடுக்க உதவும் பொருளாக அறிவிக்கப்பட்டது.

நியாயமாகச் சொல்லவேண்டும். அந்தப் பொருளை ஊசியாகவோ மேல்பூச்சாகவோ பயன்படுத்திப் பார்க்கலாம் என்று கட்டுரைக்குள் அவர் குறிப்பிட்டிருக்கிறார். அதன் நச்சுத்தன்மையை விலங்குகளிடம் சோதித்து, தீங்கில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஆனால் செய்தி அறையில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: தலைப்பில் இல்லாததைப் பாதிப் பேர் படிப்பதே இல்லை.

தலைப்பு மட்டுமே காரணம் என்றால் அதுவும் மிகை. சாறு சில நாளிலேயே வீரியம் இழந்தது. அதைச் சுத்தப்படுத்த அவரது இளம் உதவியாளர்கள் இருவர் ஒரு நடைபாதை மூலையில் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். ஃபிளெமிங் வேதியியலாளர் இல்லை. தொற்று வந்த விலங்குக்கு அதைக் கொடுத்துக் குணமாகிறதா என்ற எளிய சோதனையையும் அவர் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்றும் விளங்காதது.

இதில் இன்னொருவரும் உண்டு. செயின்ட் மேரிஸில் படித்த செசில் பெய்ன், ஷெஃபீல்டு நகர மருத்துவமனையில் ஆய்வக மருத்துவராக இருந்தார். ஃபிளெமிங்கின் கட்டுரையைப் படித்தார், பூஞ்சணத்தைக் கேட்டு வாங்கினார். 1930இல், பிறக்கும்போதே கண்ணில் தொற்று ஏற்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கு அந்தச் சாற்றைச் சொட்டாக விட்டார். பலன் கிடைத்தது. பெய்ன் அதைக் கட்டுரையாக வெளியிடவே இல்லை. அந்தச் சிகிச்சைக் குறிப்புகள் முழுமையாக வெளியே தெரியவந்தது 1980களில்தான். அறிக்கை இல்லையென்றால், நடந்தது நடந்ததாகவே ஆகாது போல.

ஒரு நோயாளி, தொடர்ந்து சோதனைகள்

பிறகு ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் ஹோவர்டு ஃபுளோரி, எர்ன்ஸ்ட் செய்ன், நார்மன் ஹீட்லி மூவரும் வந்தார்கள். பழைய கட்டுரைகளைத் தேடிப்போன செய்ன், ஃபிளெமிங்கின் 1929 கட்டுரையைக் கண்டார். 1940 மே மாதம் தொற்று ஏற்றிய எலிகளுக்குப் பென்சிலின் கொடுத்தார்கள், எலிகள் பிழைத்தன. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபர்டில் ஒரு போலீஸ்காரருக்கு ஊசி போட்டார்கள். உடம்பு தேறியது. மருந்து தீர்ந்துபோனது. அவர் சிறுநீரில் வெளியேறிய பென்சிலினையும் பிரித்தெடுத்துத் திரும்பக் கொடுத்தார்கள். அதுவும் போதவில்லை, மார்ச் மாதம் அவர் இறந்துவிட்டார்.

ஃபிளெமிங் திரும்பவும் கதைக்குள் வருவது 1942 ஆகஸ்ட் மாதத்தில். அவர் அண்ணன் தம்பிகள் மூக்குக்கண்ணாடித் தொழில் செய்தவர்கள். அந்தக் குடும்ப நண்பர் ஒருவர், 50 வயதைத் தாண்டியவர், செயின்ட் மேரிஸில் சாகக் கிடந்தார். மூளை உறையில் தொற்று என்று சந்தேகம். அன்றைக்கு இருந்த ஒரே மருந்தான சல்ஃபா கொடுத்தும் பலன் இல்லை. எந்தக் கிருமி என்றே முதலில் தெரியவில்லை.

ஃபிளெமிங் செய்ததை வரிசையாகப் பாருங்கள். முதுகுத்தண்டு நீரை எடுத்து வளர்த்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிடைத்தது. தம் ஆய்வகத்தில் இருந்த கச்சாப் பூஞ்சணச் சாற்றை அந்தக் கிருமிமேல் போட்டுப் பார்த்தார். கிருமி அடங்கியது. அதற்குப் பிறகுதான் ஃபுளோரிக்குத் தொலைபேசியில் பேசினார். ஃபுளோரி தம்மிடம் இருந்த சுத்தமான பென்சிலினைக் கொடுத்தார்.

தசையில் ஊசி போடத் தொடங்கினார். நோயாளி கொஞ்சம் தேறினார், ஆனால் முழுதாகச் சரியாகவில்லை. மருந்து எங்கே போகிறது? ஃபிளெமிங் ரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் எடுத்து, அவை கிருமியை எவ்வளவு அடக்குகின்றன என்று சோதித்தார். ரத்தத்தில் ஆற்றல் இருந்தது. முதுகுத்தண்டு நீரில் இல்லை. கிருமி இருக்கும் இடத்துக்கு மருந்து போய்ச் சேரவே இல்லை! மறுபடியும் ஃபுளோரியிடம் கேட்டு, அதுவரை மனிதருக்குச் செய்யாத ஒன்றைச் செய்தார்: பென்சிலினை நேராக முதுகுத்தண்டுக் குழிக்குள் செலுத்தினார். அடுத்த மாதம் அந்த நண்பர் நடந்து வீட்டுக்குப் போனார்.

பென்சிலினைக் கண்டவர் பென்சிலினால் ஓர் உயிரைக் காப்பாற்றினார் என்றுதான் இதை வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது வேறு. எந்தக் கிருமி, எந்த மருந்து, எந்த வழி என ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் ஓர் ஆய்வக முடிவு இருந்தது. சோதனை செய்தவரும் மருந்து கொடுத்தவரும் ஒரே ஆள் என்பதால், நடுவில் எதுவும் தொலைந்துபோகவில்லை. இன்றைய பெரிய மருத்துவமனையில் அந்த இருவரும் வெவ்வேறு மாடியில், சில நேரம் வெவ்வேறு கட்டடத்தில் இருக்கிறார்கள். இடையில் இருப்பது அந்த அறிக்கை மட்டும்தான்.

புகழும் எச்சரிக்கையும்

அந்தச் செய்தி லண்டன் நாளிதழுக்குப் போனது. தம் பழைய மாணவருக்கே பெருமை சேரவேண்டும் என்று ரைட் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். ஃபுளோரிக்கு நிருபர்களைக் கண்டாலே ஆகாது. ஃபிளெமிங்கோ கதவைத் திறந்து வைத்தார். புகழின் பெரும்பங்கு அவர் பக்கம் சாய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1944இல் சர் பட்டம், 1945இல் ஃபுளோரி, செய்ன் இருவரோடும் சேர்த்து நோபெல் பரிசு. (சிறு வயதில் சர்ச்சிலை நீரில் மூழ்காமல் ஃபிளெமிங் குடும்பம் காப்பாற்றியதாக வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. அது கட்டுக்கதை.)

நோபெல் விழா உரையின் முடிவில் அவர் ஒரு கற்பனைக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். கணவருக்குத் தொண்டை வலி. கடையில் பென்சிலின் வாங்கித் தாமாகவே கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார். கிருமி சாகும் அளவுக்கு இல்லை, மருந்தைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு. அது மனைவிக்குத் தொற்றுகிறது. அவருக்கு நிமோனியா வருகிறது, பென்சிலின் வேலை செய்யவில்லை, இறந்துபோகிறார்.

வேடிக்கை என்னவென்றால், அவர் உதாரணம் காட்டிய கிருமி அவர் பயந்தபடி நடந்துகொள்ளவில்லை. தொண்டை வலி தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றும் பென்சிலினுக்கு அடங்குகிறது. அடங்க மறுத்தது, முதல் தட்டில் செத்துக் கிடந்த ஸ்டாஃபிலோகாக்கஸ். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் எனும் ஆய்வக மருத்துவர் தம் நோயாளிகளின் கிருமிகளைத் தொடர்ந்து எண்ணிவந்தார். பென்சிலினை எதிர்த்து நிற்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் 1946இல் 14 விழுக்காடு, 1948இல் 59 விழுக்காடு. ஆய்வகம் எண்ணி எழுதியதால்தான் இது தெரிந்தது. பிரிட்டன் 1947இல் தனிச் சட்டம் போட்டு, மருத்துவர் சீட்டு இல்லாமல் பென்சிலின் விற்கத் தடை விதித்திருந்தது. அந்தச் சட்டம் கடையைக் கட்டுப்படுத்தியது. மருத்துவமனைக்குள் டாக்டர் எதை எழுதுகிறார் என்பது வேறு பிரச்சினை.

ஃபிளெமிங் 1955 மார்ச் 11ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

சரி, இன்று ஆய்வகம் என்ன செய்கிறது?

ஓர் ஆய்வகம் ஒரு கிருமியைப் பத்துக்கும் மேற்பட்ட மருந்துகளோடு சோதிக்கலாம். எல்லா முடிவுகளையும் அறிக்கையில் போடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. சாதாரண மருந்தே எடுபடும்போது, பட்டியலில் அதை மட்டும் காட்டி, கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் வலுவான மருந்துகளை மறைத்துவைப்பார்கள். சாதாரண மருந்துகள் தோற்றால் மட்டும் அடுத்த வரிசையைத் திறந்து காட்டுவார்கள். காரணம் எளிது. பட்டியலில் பத்து மருந்துக்கும் எஸ் என்று இருந்தால், இரவு இரண்டு மணிக்குக் களைப்போடு இருக்கும் இளம் டாக்டர் எல்லாவற்றையும் கொல்லும் மருந்தையே எழுதிவிடத் தோன்றும். பட்டியலில் இல்லாத பெயர் அவ்வளவு சுலபமாகக் கைக்கு வராது. தேவைப்பட்டால் ஆய்வகத்தை அழைத்துக் கேட்கலாம்.

டொராண்டோ மருத்துவமனை ஒன்றில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சிறுநீர்க் குழாய் பொருத்தாத உள்நோயாளிகளின் சிறுநீரில் கிருமி வளர்ந்தால், அந்த முடிவைத் தானாக அனுப்புவதை நிறுத்தினார்கள். பதிலாக ஒரு குறிப்பு போனது: இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை நோய் இல்லை, தொற்று என்று பலமாகச் சந்தேகித்தால் ஆய்வகத்துக்கு அழைக்கவும். 2014இல் வெளியான முடிவின்படி, அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருந்தவர்களில் ஆன்டிபயாட்டிக் பெற்றவர்கள் 48 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தார்கள். உண்மையான தொற்று கவனிக்கப்படாமல் போனதாக அந்தச் சிறிய ஆய்வில் தெரியவில்லை. புது மருந்தும் இல்லை, புதுக் கருவியும் இல்லை. அறிக்கை மட்டும் மாறியது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. ஒரு மருந்துக்கு ஒவ்வாமை உள்ள நோயாளிக்கு, மறைத்துவைத்த பெயரே தேவைப்படலாம். ஆய்வகம் இரவில் தொலைபேசியை எடுக்காவிட்டால்? மறைப்பது என்று முடிவெடுத்தால், கேட்டவுடன் சொல்ல ஓர் ஆள் இருக்கவேண்டும்.

இப்போது அந்த ஐ எழுத்து. பல ஆண்டுகளாக அதற்குப் பொருள் 'நடுத்தரம்'. எஸ்ஸும் இல்லை, ஆரும் இல்லை. டாக்டர்கள் பலர் அதைப் பார்த்ததும் வம்பு வேண்டாம் என்று வேறு வலுவான மருந்துக்குத் தாவினார்கள். ஐரோப்பாவின் தரநிர்ணயக் குழு 2019இல் அந்த எழுத்தின் பொருளை மாற்றியது. இப்போது ஐ என்றால் மருந்து எடுபடும், ஆனால் அளவைக் கூட்டிக் கொடுக்கவேண்டும். எழுத்து மட்டும் அதேதான். அதனால் சில ஆய்வகங்கள் ஐ என்று போட்டு, பக்கத்திலேயே டோஸைக் கூட்டினால் பலன் தரும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புகின்றன.